கேள்வி பதில்: கோபோலுக்கு முன்னால் வந்த மொழி

கேள்வி: வணிகக் கணக்குகளுக்காக வந்த முதல் புரோகிராமிங் மொழி (கணினிக்குக் கட்டளை எழுதும் மொழி) கோபோல்தானே?

பதில்: இல்லை, ஃப்ளோ-மேட்டிக் அதற்கு முந்தியது. ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தில் யுனிவாக் கணினிக்காக கணினி விஞ்ஞானி கிரேஸ் ஹாப்பரும் அவர் குழுவும் உருவாக்கியது, முதலில் வைத்த பெயர் பி-0. கணிதக் குறியீடுகளோடு வணிகக் கணக்குப் பார்ப்பவர்களுக்கு ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்த ஹாப்பர், சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே புரோகிராம் எழுதலாம் என்று 1953 கடைசியில் நிர்வாகத்திடம் சொன்னார். அது நடக்காத காரியம் என்று பதில் வந்தது. அவர் விடவில்லை, 1955 தொடக்கத்தில் ஒரு சிறிய மாதிரியைச் செய்து ஓட்டியே காட்டினார். சொற்களை மாற்றி ஃபிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதே புரோகிராமை ஓட்டிக் காட்டியதும், அமெரிக்காவில் செய்த கணினிக்கு ஃபிரெஞ்சு எப்படிப் புரியும் என்று நிர்வாகம் மிரண்டுபோனதாம். இதை ஹாப்பரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். எழுதியதைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் அதன் கம்பைலர் வெளியே புழக்கத்துக்கு வந்தது 1958இல்.

கேள்வி: அந்த மொழியில் என்னதான் எழுதினார்கள்? ஓர் உதாரணம் காட்டுங்களேன்.

பதில்: கையேட்டிலேயே அழகான உதாரணம் இருக்கிறது. ஏ என்ற காந்த நாடாவில் சரக்கு இருப்பு, பி என்ற இன்னொன்றில் விலைப்பட்டியல், இரண்டும் பொருள் எண் வரிசைப்படி அடுக்கப்பட்டவை. 'கம்பேர் ப்ராடக்ட்-நோ (ஏ) வித் ப்ராடக்ட்-நோ (பி)' என்பது ஒரு வரி, அதாவது இரண்டு நாடாவின் பொருள் எண்ணையும் ஒப்பிடு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஐந்தாவது கட்டளைக்குப் போ, இருப்பின் எண் பெரியதாக இருந்தால் பத்தாவதுக்குப் போய் விலைப்பட்டியலில் அடுத்ததைப் படி, இரண்டும் இல்லையென்றால் அந்தப் பொருளுக்கு விலையே இல்லை, அதைத் தனி நாடாவில் எழுதிவிடு, அவ்வளவுதான். இதைப் படிக்கக் கணிதம் தெரிய வேண்டாம், குடோன் கணக்கு தெரிந்திருந்தால் போதும். பொருளுக்கு வைக்கும் பெயரும் 12 எழுத்து வரை போகலாம், அதே காலத்தில் கணிதக் கணக்குகளுக்கு இருந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஆறுதான். இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: தகவல் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை ஓரிடத்திலும், அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னோரிடத்திலும் பிரித்து எழுத வைத்தது இந்த மொழிதான். என்னைக் கேட்டால் ஆங்கிலச் சொற்களைவிட இதுதான் பெரிய சாதனை. கோபோல் இதை அப்படியே எடுத்துக்கொண்டது.

கேள்வி: அப்படியானால் ஹாப்பரை கோபோலின் தாய் என்பது சரிதானே?

பதில்: அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழி வைத்துக்கொண்டால் கணினியை மாற்றும்போதெல்லாம் புரோகிராமைப் புதிதாக எழுத வேண்டும், பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று 1959 ஏப்ரலில் பேச்சைத் தொடங்கி வைத்தவர் பரோஸ் நிறுவனத்தின் மேரி ஹாஸ். மே 28, 29 தேதிகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் அதற்கான கூட்டம் நடந்தது, அதிலிருந்து பிறந்ததுதான் கோபோல். மொழியை வரையறுத்த குழுவில் ஜீன் சம்மெட், பெட்டி ஹோல்பர்ட்டன், ஹோவர்ட் புரோம்பெர்க் போன்றவர்கள் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அந்தக் குழுவில் ஹாப்பர் இல்லை, மேலே இருந்த குழுவுக்கு ஆலோசகராகத்தான் இருந்தார். ஐபிஎம்மின் காம்ட்ரான், அமெரிக்க விமானப்படையின் ஐமேகோ ஆகிய மொழிகளும் மேசையில் இருந்தன, ஆனாலும் அதிகம் எடுத்துக்கொண்டது ஃப்ளோ-மேட்டிக்கிலிருந்துதான். ஹாப்பருக்குச் சேர வேண்டிய பெருமை ஃப்ளோ-மேட்டிக்கிலேயே நிறைய இருக்கிறது, மற்றவர்கள் உழைப்பையும் அவர் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

கேள்வி: ஃப்ளோ-மேட்டிக்கையே பொதுமொழியாக வைத்திருக்கலாமே?

பதில்: அது யுனிவாக்கோடு கட்டுண்டது, போட்டி நிறுவனங்கள் எப்படி ஒப்புக்கொள்ளும்? கோபோலின் பலம் வேறு. 1960 டிசம்பரில் ஏறக்குறைய ஒரே கோபோல் புரோகிராம் ஆர்சிஏ 501, யுனிவாக் II என்ற இருவேறு நிறுவனங்களின் கணினிகளிலும் ஓடியது.