ஐந்து கடைக்கு ஒரே சந்தா: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: எங்களுக்கு ஐந்து மருந்துக்கடைகள். ஹெட் ஆபீஸ் திருப்பாதிரிப்புலியூர். மற்றவை மஞ்சக்குப்பம், பண்ருட்டி, வில்லியனூர், முத்தியால்பேட்டை. பில்லிங் சர்வர் ஹெட் ஆபீஸின் பின் அறையில் இருக்கிறது. கிளைகளில் இருப்பவர்கள் நெட் வழியாக அந்த சர்வருக்குள் வந்துதான் பில் போடுகிறார்கள். மாதத்தில் நாலு நாளாவது ஏதோ ஒரு கடையிலிருந்து ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்று போன் வருகிறது. என் மகன் ஒரு கம்பெனி ஆளை அழைத்து வந்தான். கிளவுட் நெட்வொர்க்காம். பெட்டி இலவசம், கடைக்கு மாதம் 2,500 ரூபாய், ஜிஎஸ்டி தனி, மூன்று வருட ஒப்பந்தம், 99.9 சதவீதம் நிற்காமல் ஓடும் என்கிறார். கையெழுத்துப் போடலாமா சார்?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கையெழுத்து அப்புறம் அம்மா. அதற்கு முன் இந்த வாரமே ஒரு வேலை இருக்கிறது. கிளைகள் சர்வருக்குள் எந்த வழியாக வருகின்றன என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆளைக் கேளுங்கள். “ரௌட்டரில் போர்ட் திறந்து விட்டிருக்கிறேன்” (போர்ட் என்றால் நெட்டிலிருந்து உள்ளே வர ஒரு வாசல்) என்று அவர் சொன்னால், அதிலும் அது தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389-ஆம் எண் வாசல் என்றால், கடையின் பின்கதவை லாரன்ஸ் ரோட்டைப் பார்க்கத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். சர்வரில் உள்ளதையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்கும் ரான்சம்வேர்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த வாசல் அது. மூடினால் கிளைகளில் பில் போட முடியாதே என்பார். ரௌட்டரிலேயே விபிஎன், அதாவது உங்கள் கடைகளுக்கு மட்டுமான மறைகுறியிட்ட பாதை, போட்டுவிட்டு மூடச் சொல்லுங்கள். ரௌட்டரில் அந்த வசதி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சரி, சந்தாவுக்கு வருவோம். அவர் விற்க வந்தது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. மெராக்கி என்ற அமெரிக்கக் கம்பெனி 2006-லேயே கிளவுடிலிருந்து, அதாவது இணையத்தில் இருக்கும் தன் சர்வர்களிலிருந்து, நெட்வொர்க்கை நிர்வகிக்கும் தொழிலில் இறங்கிவிட்டது. 2012-ல் சிஸ்கோ அதை 120 கோடி டாலருக்கு வாங்கியது. இன்றைக்கு அதே மாதிரி பத்துப் பதினைந்து பேர் விற்கிறார்கள்.

கடைக்கு ஒரு பெட்டி வரும். பண்ருட்டிக் கடைப் பையன் அதை மோடத்தில் சொருகி ஸ்விட்சைப் போட்டால் போதும். பெட்டி தானே கிளவுடைக் கூப்பிட்டு, தன் சீரியல் நம்பரைச் சொல்லி, தனக்கான அமைப்பை இறக்கிக்கொள்ளும். பிறகு ஹெட் ஆபீஸ் பெட்டிக்கு ஒரு மறைகுறியிட்ட பாதை போட்டுக்கொள்ளும். பெட்டி உள்ளேயிருந்து வெளியே கூப்பிடுவதால் கிளைகளுக்கு ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்க வேண்டாம், எங்கேயும் போர்ட் திறக்க வேண்டாம். கிளவுட் நின்றால் கடை நின்றுவிடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் டீ குடிக்கப் போனால் ஓடுகிற பஸ் நிற்பதில்லை அல்லவா, அப்படித்தான். பெரும்பாலான பெட்டிகளில் உங்கள் பில் டேட்டா கடைக்குக் கடை நேராகவே போகிறது. கிளவுட் மேற்பார்வையோடு சரி.

அந்த மேற்பார்வைக்குத்தான் மாதாமாதம் பணம். சந்தா கட்டினால் லைன் வராது. இதை மகனிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். உங்களுக்கு மாதத்தில் நாலு நாள் வரும் போன் ஃபைபர் அறுந்ததாலா, மின்சாரம் போனதாலா, ரௌட்டர் மக்கர் செய்ததாலா என்று ஒரு மாதம் நோட்டுப் போட்டு எழுதுங்கள். முதல் இரண்டுக்கும் கிளவுடில் மருந்து கிடையாது.

ஃபெஞ்சல் புயலில் நானே பட்டேன். 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. என் ஆபீஸில் இரண்டு கம்பெனி ஃபைபர் வைத்திருந்தேன். ஒன்று போனால் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவேன். காலையில் இரண்டு மோடத்திலும் சிவப்பு விளக்கு. வெளியே போய்ப் பார்த்தால் தெருமுனைக் கம்பம் சாய்ந்து கிடக்கிறது. இரண்டு கம்பெனி வயரும் அதே கம்பத்தில், ஒரே முடிச்சில். ஆறு வருடம் தினமும் அதன் கீழேதான் வண்டி நிறுத்தியிருக்கிறேன், ஒரு நாள் அண்ணாந்து பார்த்ததில்லை. பெட்டியில் போட்டிருந்த சிம் மட்டும் வேலை செய்தது. அதுவும் டவர் பேட்டரி தீரும் வரைதான்.

அதனால் ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டாவது லைன் வேறு தெரு வழியாக வரட்டும். முடியாவிட்டால் ஒரு சிம் போதும். பில் போடுவதற்குப் பெரிய வேகம் வேண்டாம். மோடத்துக்கும் பெட்டிக்கும் தனியாக ஒரு குட்டி யுபிஎஸ் வையுங்கள். தானே புயலில் முந்திரி மரங்களே வேரோடு சாய்ந்த ஊர் பண்ருட்டி, கம்பம் எம்மாத்திரம்.

99.9 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் 30 நாள் மாதத்தில் 43 நிமிடம்தான் நிற்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எதற்கான வாக்குறுதி என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். நான் படித்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அவர்களுடைய கிளவுட் மேற்பார்வைத் திரைக்குத்தான் அந்த உறுதி. உங்கள் கடை லைன் அதில் சேராது.

அடுத்து, பணம் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சில பெட்டிகள் சந்தா முடிந்தாலும் ஓடும், மாற்றம் மட்டும் செய்ய முடியாது. சில பெட்டிகள் கொஞ்ச நாள் தவணை கொடுத்துவிட்டு அடியோடு நின்றுவிடும். டைம் கீப்பர் பஸ் சாவியையே பிடுங்கிக்கொள்கிற கதை. நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜவுளிக்கடைக்கு மூன்று கிளை. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயிலெல்லாம் வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையின் முகவரிக்குப் போயிருக்கிறது. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணி, மூன்று கடையிலும் நெட் இல்லை. கவுன்ட்டரில் புடவையும் கையுமாகக் கூட்டம். விற்ற கம்பெனியின் ஆபீஸ் திங்கட்கிழமைதான் திறக்கும். பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் பில் புத்தகம் வாங்கிக் கையால் எழுதினோம். முகவரியைச் சரிபார்க்காதது என் தப்பு, அதனால் பில் புத்தகத்துக்கு நான்தான் காசு கொடுத்தேன். அட்மின் லாகின் கடையின் பொது மெயிலில் இருக்கட்டும். மகன் பெயரில்கூட வேண்டாம்.

பணக் கணக்கு: மாதம் 12,500, மூன்று வருடத்துக்கு 4,50,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 5,31,000. ‘இலவசப் பெட்டி’ இதற்குள் இருக்கிறது. கடைசியில் பெட்டி யாருக்கு என்று கேளுங்கள். வில்லியனூருக்குச் சரக்கு அனுப்பும்போதே தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34 என்று தொடங்கும் இரண்டு ஜிஎஸ்டி எண்ணோடு மல்லுக்கட்டுகிறவர் நீங்கள், இதிலும் அது வரும். புதுச்சேரிக் கடைகளுக்கு 34 எண்ணில் தனி பில் போடச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்து ஹெட் ஆபீஸுக்கு ஒரே பில்லாக வந்தால், வரிக்கழிவைப் பிரித்துக் கொடுக்க ஐஎஸ்டி (இன்புட் சர்வீஸ் டிஸ்ட்ரிபியூட்டர்) என்ற தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் அது கட்டாயம். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நானும் இதே தொழிலில் இருப்பவன், என் பேச்சையும் சலித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கடையில் ஐடி தெரிந்த ஆள் நிரந்தரமாக இருந்தால், விபிஎன் உள்ள ரௌட்டர் ஐந்தை விலைக்கு வாங்கி மாட்டிவிடுவேன், சந்தா வேண்டாம். உங்களிடம் இருப்பது மகன் ஒருவர்தான், நாளைக்கு அவர் சென்னையில் வேலைக்குப் போய்விடலாம். அதனால் சந்தா எடுங்கள், ஆனால் ஒரு வருடத்துக்கு மட்டும். பண்ருட்டிப் பெட்டி கெட்டால் மாற்றுப் பெட்டி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள். இன்னொன்று, எப்போதாவது பில்லிங் சாஃப்ட்வேரை பிரௌசரில் ஓடுகிற வகைக்கு மாற்றினால், கடைகளை ஒன்றோடொன்று இணைக்கிற தேவையே பெரும்பாலும் போய்விடும். மூன்று வருடம் வேண்டாம் என்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

கேள்வி: புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியில் 14 அறை விடுதி. விருந்தினர்கள் வைஃபை பற்றித் திட்டுகிறார்கள். கிளவுட் சந்தா எடுத்தால் வேகம் கூடுமா?
- வாசகர், புதுச்சேரி

பதில்: கூடாது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்றரை அடி கனம், அலை எப்படித் தாண்டும்? வராந்தாவில் இரண்டு அறைக்கு ஒன்று என்று வைஃபை புள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுங்கள். சந்தா பணத்தை இந்த வருடம் கேபிளில் போடுங்கள்.

கேள்வி: காரைக்கால் கிளையையும் இதே சந்தாவில் சேர்க்கலாமா? தூரத்துக்குத் தனிக் கட்டணமா?
- வாசகர், அரியாங்குப்பம்

பதில்: சேர்க்கலாம். இரண்டு பக்கமும் சாதாரண இணையம் இருந்தால் பெட்டிக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. கட்டணம் பெட்டிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும், கிலோமீட்டருக்கு இல்லை. ஜிஎஸ்டியும் அதே 34 தான். காரைக்காலில் லைன் போடும் கேபிள்காரர் நம்பரை மட்டும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.