பாண்டி - கடலூர் ரோட்டில் ஓட்டும் ஈவோ 10-க்கு எந்த டர்போ போடலாம்?

‘2010 மிட்சுபிஷி ஈவோ 10, எஸ்எஸ்டி கியர்பாக்ஸ். வீடு கடலூர், வேலை பாண்டி. 450 குதிரைத்திறன் வேண்டும், எந்த டர்போ வாங்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நைனார்மண்டபம். அதே வண்டிதான், அதே ஆசையும்தான். ஆசைப்பட்டு ஒரு பெரிய டர்போவை (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மாட்டினேன். 4,500 ஆர்பிஎம் வரும்வரை வண்டி சோம்பேறி மாடு. அதற்கு மேல் முதுகில் உதை. ஆனால் அந்த உதையை வாங்க இடம் எங்கே? முருங்கப்பாக்கம் சிக்னலில் பச்சை விழுந்து பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறுவதற்குள், அரியாங்குப்பத்தில் ஒரு டவுன் பஸ் குறுக்கே நிற்கும். போதாக்குறைக்கு அது செகண்ட் ஹேண்ட். ‘புதுசு மாதிரி சார்’ என்றுதான் விற்றார்கள். ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தால் லொடலொடவென்று ஆடியது, காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் வீல் வெளிக்கூட்டை உரசிய தடம் வேறு. காசு கொடுத்த பிறகு ஆட்டிப் பார்த்தது என் புத்தி.

டர்போவின் பெயரை விடுங்கள், முதலில் காற்றைக் கணக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 1 கிலோ காற்று உள்ளே போனால் தோராயமாக 22 குதிரைத்திறன். 350 வேண்டுமென்றால் 16 கிலோ, உங்கள் 450-க்கு 20 கிலோவுக்கு மேல். இதைக் கம்ப்ரஸர் மேப்பில், அதாவது அந்த டர்போ எவ்வளவு காற்றை எவ்வளவு அழுத்தும் என்று காட்டும் வரைபடத்தில், வைத்துப் பார்க்க வேண்டும். இடது ஓரத்துக் கோட்டைத் தாண்டினால் சர்ஜ், காற்று திரும்பி அடிக்கும். வலது ஓரத்துக்குப் போனால் காற்றைவிடச் சூடுதான் அதிகம் வரும். நீங்கள் தினமும் ஓட்டும் ஆர்பிஎம் நடுவில் விழ வேண்டும்.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம், கடல் மட்டத்தில் இருக்கிறோம். 1.4 பார் பூஸ்டுக்கு இங்கே டர்போ காற்றை 2.4 மடங்கு அழுத்தினால் போதும். அதே பூஸ்டை ஊட்டியில் கேட்டால் 2.8 மடங்கு. ஆனால் அதிர்ஷ்டத்தை அக்னி நட்சத்திரம் தின்றுவிடும். 40 டிகிரியில் இழுக்கும் காற்று கம்ப்ரஸரை விட்டு வெளியே வரும்போது 160 டிகிரியைத் தொடும். அதனால்தான் டர்போ வாங்குவதற்கு முன்பே, அந்தக் காற்றைக் குளிரவைக்கும் நல்ல இன்டர்கூலர் வாங்கச் சொல்கிறேன்.

அடுத்தது பெட்ரோல். இன்று பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. சுத்தமான பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்றிருந்த காற்று-பெட்ரோல் விகிதம் இதற்கு 13.5 பக்கம் இறங்குகிறது, அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதலாக ஊற்ற வேண்டும். 100 ஆக்டேன் பெட்ரோலில் டியூன் செய்துவிட்டு, கிடைக்காத ஊரில் சாதாரணம் போட்டால் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிக்கும். முதலில் போவது பிஸ்டன்தான். வழக்கமாகக் கிடைப்பது எதுவோ அதற்கே டியூன் செய்யுங்கள். கடலோரத்தில் மாதக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கை அரைகுறையாக விடாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

450-க்கு எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் எஸ்எஸ்டி, அதாவது இரண்டு கிளட்ச் வைத்துத் தானாக மாறும் உங்கள் கியர்பாக்ஸ். கம்பெனியிலிருந்து வரும்போது இந்த வண்டி 295 குதிரைத்திறன், 366 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). டார்க்கை எக்கச்சக்கமாக ஏற்றினால் உள்ளே இருக்கும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். கியர்பாக்ஸ் பில்லைப் பார்த்தால் டர்போ பில் சில்லறையாகத் தெரியும்.

நான் இப்போது ஓட்டுவது ஒரிஜினல் டர்போவின் இடத்திலேயே உட்காரும் ரகம். அதே ட்வின் ஸ்க்ரோல் (புகை இரண்டு தனிப் பாதையில் வரும்) எக்ஸாஸ்ட் பக்கம், கம்ப்ரஸர் வீல் மட்டும் கொஞ்சம் பெரியது. ஆயில் லைன், தண்ணீர் லைன், மேனிஃபோல்ட் எதையும் வெட்டி ஒட்டவில்லை. 3,500-க்குள் பூஸ்ட் வந்துவிடுகிறது. உங்களுக்கும் இதுதான், குறி 350. ‘ஈவோ 9 டர்போ சல்லிசா இருக்கு’ என்று யாராவது ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள். பழைய இன்ஜினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம். நம் ஈவோ 10-இன் 4பி11 இன்ஜினில் அது பின்பக்கம், கேபினைப் பிரிக்கும் ஃபயர்வால் தகட்டின் ஓரம். நேராக உட்காராது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது, 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. டர்போ மாற்றியதைக் காட்டி இன்ஷூரன்ஸ் கிளெய்மை மறுக்க வாய்ப்புண்டு. என் வண்டி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு டிரக்கில் ஏறித்தான் போகிறது.

எதையும் ஆர்டர் போடும் முன் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று) பார்த்து நம்பரை இங்கே போடுங்கள். ஒன்று குறைந்திருந்தாலும் டர்போ பேச்சை அப்போது நிறுத்திக்கொள்ளலாம்.