விடுபட்ட டிசம்பர் அளவீடு குறித்து

வணக்கம். வெள்ளாற்றுக் கழிமுகத்தில் மாதந்தோறும் நீர் மாதிரி எடுத்துவந்த நீங்கள், 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிந்தைய வெள்ளத்தால் டிசம்பர் மாதிரியை எடுக்க இயலவில்லை என்றும், நவம்பர், ஜனவரி எண்களின் சராசரியை அங்கே இட்டு நிரப்பும்படி உடன் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆற்று நன்னீர் பெருகிக் கழிமுகத்தின் உப்புத்தன்மை சரியும் காலம் அது என்பதால், நீங்கள் இடும் சராசரி அந்தச் சரிவையே மறைத்துவிடக்கூடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைத் தாக்கியபோது, பல நாள் மின்சாரமின்றி என் உறைபெட்டியில் இருந்த மூன்று மாத மாதிரிகள் கெட்டுப்போயின. அன்று அழுதுவிட்டேன். பிறகு, அட்டவணையில் அந்த இடங்களை வெற்றிடமாகவே விட்டு, காரணத்தை முறையியல் இயலில் ஒரு பத்தியாக எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

நீங்கள் போக முடியாத நாள்களையும் காரணத்துடன் புலக்குறிப்பேட்டில் பதிந்து நெறியாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். இயன்றால் இனி பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஓதத்தின் (கடல் ஏற்றவற்றத்தின்) ஒரே நிலையில் மாதிரி எடுங்கள். வெள்ளத்துக்குப் பின் உப்புத்தன்மை எவ்வாறு மீள்கிறது என்பது உங்கள் ஆய்வேட்டில் தனி இயலாகவே அமையலாம்.