90-63 எப்படி 90-64ஐ முந்தியது?

கேள்வி: 1908 பேஸ்பால் சீசனின் புள்ளிப்பட்டியலைப் பார்த்துக் குறிப்பு எடுக்கிறேன். அமெரிக்கன் லீக்கில் டெட்ராய்ட் 90 வெற்றி, 63 தோல்வி. கிளீவ்லாந்து 90 வெற்றி, 64 தோல்வி. மிச்சமிருந்த ஒரு ஆட்டத்தை ஆடாமலே டெட்ராய்ட் எப்படி சாம்பியன் ஆனது? நேஷனல் லீக்கில் சிகாகோ கப்ஸ் 99-55. கூட்டினால் 154, ஆனால் ஆட்டங்கள் 158 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: பிழை இல்லை, இரண்டும் சரிதான்.

முதலில் கப்ஸ். அப்போது மைதானத்தில் மின்விளக்கு கிடையாது; மேஜர் லீக்கின் (அமெரிக்கன், நேஷனல் லீக்குகள் அடங்கிய உயர்மட்ட பேஸ்பால்) முதல் இரவு ஆட்டமே 1935இல்தான். ரன்கள் சமமாக இருக்கும்போது இருட்டிவிட்டால் ஆட்டம் சமன். அதை வேறொரு நாளில் முதலிலிருந்து ஆடுவார்கள். சமனான ஆட்டம் வெற்றியிலும் சேராது, தோல்வியிலும் சேராது; ஆட்டங்களின் எண்ணிக்கையில் மட்டும் சேரும். கப்ஸுக்கு அப்படி நான்கு. அதில் ஒன்று செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுடன் ஆடியது. கடைசி இன்னிங்ஸில் ஜயன்ட்ஸ் வெற்றி ரன் எடுத்துவிட்டதாக நினைத்துக் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆனால் முதல் பேஸில் (ஓடுபவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களில் ஒன்று) நின்ற ஜயன்ட்ஸின் 19 வயது ஃப்ரெட் மெர்க்கிள் இரண்டாவது பேஸைத் தொடாமல் திரும்பிவிட்டார் என்று நடுவர் அவுட் கொடுத்தார். அந்த ரன் செல்லவில்லை; ஆட்டம் 1-1 என்று சமன். அக்டோபர் 8இல் மறுபடி ஆடி, கப்ஸ் 4-2 என்று ஜெயித்தது. ஒரே ஒரு வெற்றி வித்தியாசத்தில் லீக் பட்டமும் அவர்களுக்கே.

டெட்ராய்ட் கதை வேறு. மழையால் ரத்தான ஓர் ஆட்டத்தை அவர்கள் கடைசிவரை ஆடவே இல்லை. ஆட வேண்டும் என்ற கட்டாயமும் அன்று இல்லை. கிரிக்கெட்டில் போல ஆளுக்கொரு புள்ளி என்ற பேச்சும் கிடையாது. வெற்றியை, வெற்றி தோல்வி இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். டெட்ராய்ட் .588, கிளீவ்லாந்து .584. ஆடித் தோற்றிருந்தால் இருவரும் சரிசமம். கிளீவ்லாந்துக்காரர்கள் கொதித்ததில் நியாயம் இருக்கிறது என்பேன். அடுத்து, பட்டத்தைப் பாதிக்கும் ஆட்டங்களை ஆடியே தீர வேண்டும் என்று லீக் விதி கொண்டுவந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. கடைசி நாளில் டெட்ராய்ட் 7-0 என்று சிகாகோ ஒயிட் சாக்ஸைத் தோற்கடித்தது. முடிவு மாறியிருந்தால் ஒயிட் சாக்ஸ் 89-63, அதாவது .586. கிளீவ்லாந்தைவிட ஒரு வெற்றி குறைவாக வைத்துக்கொண்டே சாம்பியன் ஆகியிருப்பார்கள்!

குறிப்பு எடுக்கும்போது விகிதத்தை நீங்களே வகுத்துப் பாருங்கள். பட்டியலில் இரு அணிகளின் வித்தியாசம் ‘அரை ஆட்டம்’ என்று முடிந்தால் (ஒரு வெற்றியோ ஒரு தோல்வியோ மட்டும் வேறுபட்டால் அது அரை ஆட்டம்), இரு அணிகளின் வெற்றி தோல்விக் கூட்டுத்தொகை ஒன்றல்ல என்று பொருள். ஆடாமல் விட்ட ஆட்டம் எது என்று தேடுங்கள்.