100 டாலர் ரிபேட் வரவில்லை: யாரைக் கேட்பது?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நான்கு டயர் வாங்கினால் 100 டாலர் ரிபேட் (வாங்கிய பிறகு திருப்பித் தரும் தொகை) என்று கடையில் எழுதிப் போட்டிருந்தார்கள். முழு விலையும் கட்டி வாங்கி, படிவத்தோடு பில் நகலையும் தபாலில் டயர் கம்பெனிக்கு அனுப்பினேன். இரண்டு மாதத்துக்கு மேல் ஆனபின் ‘வாங்கியதற்கான சான்று இல்லை’ என்று ஒரு அட்டை வந்தது. கொடுக்கிற எண்ணம் இருந்தால் கடையிலேயே கழித்திருக்கலாமே? இது மோசடிதானே, வழக்குப் போடலாமா?

பதில்: வழக்குப் போடலாம், ஆனால் ‘மோசடி’ என்று ஆரம்பித்து உங்கள் வேலையை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஏன் கடையிலேயே கழிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அங்கேயே கழித்தால் வாங்குகிற எல்லோருக்கும் 100 டாலர் போகும். தபாலில் என்றால் அந்த விலையைப் பார்த்து வாங்க வருகிறவர்கள் நிறையப் பேர், கேட்டு வாங்குகிறவர்கள் அதில் ஒரு பகுதிதான். படிவத்தைப் பிறகு நிரப்பலாம் என்று டிராயரில் போட்டவர், தேதியைத் தவறவிட்டவர், பில்லைத் தொலைத்தவர், இவர்கள் பணமெல்லாம் கம்பெனியிடமே தங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. தயாரிப்பாளர் மொத்த விலையைக் குறைத்தால் அந்தக் குறைவைக் கடைக்காரர் தானே வைத்துக்கொள்ளக்கூடும், ரிபேட் என்றால் வாங்கியவர் கைக்கே நேராகப் போகும். சலுகை முடிந்ததும் ‘விலையை ஏற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சும் வராது. இதெல்லாம் எரிச்சலான வியாபாரம்தான், சட்டவிரோதம் இல்லை. கனெக்டிகட், ரோட் ஐலண்ட் மாநிலங்களில் மட்டும், ரிபேட் போக மிஞ்சும் விலையை விளம்பரத்தில் போட்டால் கடையே அந்த ரிபேட்டை வாங்கும்போதே கொடுத்தாக வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். அந்த அறிவிப்பு ஒரு வாக்குறுதி. அதை நம்பி டயர் வாங்கி, கேட்ட காகிதங்களை அனுப்பியதோடு ஒப்பந்தம் உறுதியாகிவிட்டது, இனி டயர் கம்பெனிதான் உங்களுக்குப் பாக்கி. நியூ ஜெர்சி நுகர்வோர் மோசடிச் சட்டத்தில் மூன்று மடங்கு நஷ்டஈடு கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் சொன்ன பணத்தைத் தரவில்லை என்பது மட்டும் அதற்குப் போதாது, ஏமாற்றும் விதமாக நடந்தார்கள் என்று காட்ட வேண்டும். நகலைத் தொலைத்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்வது அலட்சியமாகவும் இருக்கலாம்.

அதனால் முதலில் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். பில்லில் டயரின் மாடல் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்டிருப்பார்கள், கடை பில்லில் வெறும் ‘டயர் 4’ என்று இருந்தால் சிக்கல் அங்கேதான், கடையில் விவரமான பில் கேட்டு வாங்குங்கள். அதோடு எல்லாவற்றையும் மறுபடி, இந்த முறை ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் சொல்ல ஒரு கெடு தேதியும் குறிப்பிடுங்கள். போனில் பேசிப் பயனில்லை, எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

கடையை விட்டுவிடாதீர்கள். 2005-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் (நுகர்வோரைப் பாதுகாக்கும் அமெரிக்க மத்திய அரசு அமைப்பு), தயாரிப்பாளர் ரிபேட்டைச் சரியாகக் கொடுப்பதில்லை என்று தெரிந்தும் தொடர்ந்து விளம்பரம் செய்ததாகக் காம்ப்யூஎஸ்ஏ என்ற கடை நிறுவனத்தின் மீதே நடவடிக்கை எடுத்தது. உங்கள் கடைக்காரருக்கும் இதே புகார் முன்பே வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், வந்திருந்தால் ‘மோசடி’ என்று ஆரம்பிக்க வேண்டாம் என்று நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்வேன்.

அப்புறமும் அசையவில்லை என்றால் மாநில நுகர்வோர் விவகாரத் துறையில் புகார், அதற்கும் மேல் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 5,000 டாலர் வரை அங்கே போகலாம், வக்கீல் வேண்டாம். 100 டாலருக்கு என்னை வைத்தால் என் ஃபீஸ்தான் அதிகமாக வரும்.

பணம் ப்ரீபெய்டு கார்டாக வந்தால் உடனே காலாவதி தேதியைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கும் கிஃப்ட் கார்டுக்கு இருக்கும் 5 ஆண்டுப் பாதுகாப்பு, விளம்பரச் சலுகையாக வரும் கார்டுக்குப் பொதுவாகக் கிடையாது. சில மாதங்களிலேயே செத்துவிடலாம். அடுத்த மளிகை பில்லிலேயே செலவழித்துவிடுங்கள்.