விலாவைச் சுற்றி எரிகிறது, காவடி எடுக்கலாமா?

மொரீஷியஸ், கத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "வயது 54. தையல் ஆலையில் வேலை. சர்க்கரை நோய் உண்டு. மூன்று நாளாக இடது தோள்பட்டைக்குக் கீழே ஆரம்பித்து, விலாவைச் சுற்றி மார்புக்கு அடிவரை எரிகிறது. ரவிக்கை பட்டாலே தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இதயத்தில் ஒன்றுமில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பக்கத்து வீட்டு அக்கா இது வாயுப்பிடிப்பு, ஒத்தடம் கொடு என்கிறார். அடுத்த வாரம் தைப்பூசம். மலைக்கோவிலுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா?"

சகோதரி, காவடிக்குப் பிறகு வருகிறேன். இன்று இரவே வீட்டில் யாரையாவது நல்ல வெளிச்சத்தில் உங்கள் முதுகையும் விலாவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த திட்டோ, கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளமோ தெரிகிறதா? இல்லையென்றால் நாளையும் பாருங்கள், நாளை மறுநாளும் பாருங்கள்.

காரணம் சொல்கிறேன். முதுகெலும்பிலிருந்து ஒவ்வொரு விலா எலும்புக்கும் அடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. பக்கத்துக்குப் பன்னிரண்டு. அரைஞாண் கட்டியதுபோல அது முதுகிலிருந்து சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. தசைப்பிடிப்பு இப்படிக் கோடு போட்டுச் சுற்றுவதில்லை. துணி உரசினாலே எரிவதும் தசைவலியின் குணம் இல்லை. ஒரே பக்கம், பட்டையாக, எரிச்சலாக வலித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அக்கியைத்தான். இங்கே டாக்டர்கள் ஜோனா என்பார்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பு வேரில் பல வருடம் தூங்கிக் கிடந்து, வயதாகி உடம்பின் எதிர்ப்பு குறையும்போது விழித்துக்கொள்கிறது. கொப்புளம் வருவதற்குச் சில நாள் முன்பே வலி வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பலர் இதய நோய் என்று பயப்படுகிறார்கள், அல்லது வாயு என்று விட்டுவிடுகிறார்கள்.

கொப்புளம் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஏசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சர்க்கரை இருப்பதைச் சொல்லுங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அளவு தீர்மானிப்பார்கள். சாதாரண வலி மாத்திரைக்கு இந்த எரிச்சல் பெரும்பாலும் அடங்காது. அதற்கென்று நரம்பு வலி மருந்துகள் இருக்கின்றன, தயங்காமல் கேளுங்கள். கொப்புளம் ஆறியபின் மாதக்கணக்கில் வலி நீடிப்பவர்களும் உண்டு. அதைப் பொறுத்துக்கொண்டு வாழ வேண்டியதில்லை.

ஒத்தடம் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் பலருக்குத் தோலின் உணர்வு குறைந்திருக்கும், சூடு தெரியாமலே வெந்துவிடலாம். அக்கி எழுதுவது என்று காவிமண் பூசுவதும் வேண்டாம். உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கும்.

ஒரு வாரம் கழித்தும் தோலில் எதுவும் வரவில்லையா? அப்போது சர்க்கரையே அந்த நரம்பைப் பாதித்திருக்கலாம். கவனிக்கப்படாமல் போகிற விஷயம் இது. கால் எரிச்சல் என்றால் சர்க்கரையை நினைக்கிறோம், விலா எரிச்சலுக்கு நினைப்பதில்லை. மூச்சை இழுக்கும்போதும் திரும்பும்போதும் முதுகெலும்பை ஒட்டி ஒரே புள்ளியில் குத்தினால், அது விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டு. நாள் முழுக்கத் தையல் மெஷின் மேல் குனிபவர்களுக்கு இது சகஜம். சில வாரத்தில் சரியாகும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கால் தளர்ந்தாலோ, அந்தப் பட்டைக்குக் கீழே மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், தண்டுவடம் நசுங்கியிருக்கலாம். நடந்தால் நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் ஆம்புலன்சுக்கு 114-ஐ அழையுங்கள். ஈசிஜி ஒருமுறை சரியாக இருந்தது என்பதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வழக்கமான நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்து, படுத்தாலும் தீராத முதுகுவலி இருந்தால் எலும்புக் காசநோய்க்கும் கட்டிக்கும் பரிசோதனை தேவை.

இப்போது காவடி. கொப்புளம் இருந்தால், எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டும்வரை ஊர்வலத்துக்குப் போகாதீர்கள். கொப்புளத்தின் நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கூட்டத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள். உங்கள் பிரார்த்தனையை இந்த வருடம் மகனோ தம்பியோ நிறைவேற்றலாம், நீங்கள் அடுத்த வருடம் எடுக்கலாம். கொப்புளம் வராமல், டாக்டர் பார்த்து மூட்டுவலிதான் என்று சொன்னால் எடுங்கள். காவடியின் எடையைக் குறையுங்கள், தோளில் தடித்த துணி மடித்து வையுங்கள், படியேறும்போது கூட ஒருவர் வரட்டும்.

விரதம் இருக்கிறீர்கள் என்றால் சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சாப்பிடாமல் போடவும் வேண்டாம். எந்த மாத்திரையை எப்படி மாற்றுவது என்று இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மலை ஏறும்போது இடுப்பில் கொஞ்சம் சர்க்கரையோ கற்கண்டோ முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி, கண் இருட்டினால் உடனே வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.