இரண்டு முறை பிடித்துத் தைத்த ஜாக்கெட்

கேள்வி: எனக்கு 34 வயது. வீட்டில் மெஷின் போட்டு பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட்டும் தைத்துக் கொடுப்பேன். என் மாமியாருக்கு 61 வயது. பனியன் கம்பெனியில் 20 வருடம் செக்கிங் வேலை பார்த்தவர். சர்க்கரை உண்டு. மாசியில் பிடித்த இருமல் வைகாசி வந்தும் விடவில்லை. "பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் மூன்று முறை சிரப்பும் மாத்திரையும் வாங்கிக் கொடுத்தோம். நாலு நாள் அடங்குகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது. ராத்திரி என் கணவருக்குத் தூக்கம் இல்லை, காலையில் என்மீது எரிந்து விழுகிறார். பாட்டியோடு படுக்கும் என் நாலு வயது மகனும் முழித்துக்கொள்கிறான். ஆவணியில் நாத்தனாருக்குக் கல்யாணம். மண்டபத்தில் இப்படி இருமினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? நிச்சயத்துக்குப் போட்ட ஜாக்கெட்டே தொளதொளவென்று ஆகி, இரண்டு முறை பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். தட்டு, டம்ளர் எல்லாம் தனியாக வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், கல்யாணம் முடியட்டும் என்கிறார். இருமல் நிற்க நல்ல கஷாயமோ சிரப்போ சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், திருப்பூர்.

பதில்: கஷாயம் சொல்லப் போவதில்லை. அந்த ஜாக்கெட்டைப் பற்றிப் பேசுவோம்.

முதல் முறை எவ்வளவு பிடித்தீர்கள்? பக்கத்துக்கு அரை அங்குலம் என்றே வைத்துக்கொள்வோம். தையல்காரியான உங்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துக்கு அரை அங்குலம் பிடித்தால் சுற்றளவில் இரண்டு அங்குலம் போய்விடும். அதையே இரண்டு தடவை செய்திருக்கிறீர்கள். மூன்று மாதத்தில் ஒரு மனுஷியின் உடம்பிலிருந்து நான்கு அங்குலம் கரைந்து போயிருக்கிறது. அதை இன்ச் டேப்பில் அளந்தது நீங்கள், சாக்பீஸால் கோடு போட்டது நீங்கள், மெஷினில் ஓட்டியதும் நீங்கள். அப்புறம் எனக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி, இருமலுக்கு சிரப் கேட்கிறீர்கள். அந்த ஜாக்கெட்டோ சம்பந்தி வீட்டுக்கும் தட்டு டம்ளருக்கும் நடுவில் ஒரே ஒரு வரி.

எனக்கு வரும் கடிதங்களில் இந்த இருமல் புதிதல்ல. ஊர் மாறும், உறவு மாறும். கரூரில் அப்பாவாக இருக்கும், சிவகாசியில் அண்ணியாக இருக்கும். எல்லோரும் இருமலைப் பற்றித்தான் எழுதுவார்கள், ஏனென்றால் இருமல் அடுத்தவர் தூக்கத்தைக் கெடுக்கிறது. உடம்பு இளைப்பது சத்தம் போடாது. அதுவும் அம்மாக்கள் இளைத்தால் வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் அரைத் தட்டு சாப்பிட்டாரா, அதையும் நாய்க்குப் போட்டாரா என்று யார் பார்த்தார்கள்? நீங்களோ தட்டையே தனியாக்கிவிட்டீர்கள். அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு நாளாவது பார்த்தீர்களா? சாயங்காலம் ஆனால் உடம்பு சுடுகிறதா, விடியற்காலையில் தலையணை வேர்வையில் நனைந்திருக்கிறதா, சளியில் ரத்தக்கோடு தெரிகிறதா? இதில் எதுவும் கடிதத்தில் இல்லை. இல்லாததால் எழுதவில்லையா, கேட்காததால் எழுதவில்லையா?

பஞ்சுத் தூசிக் கதைக்கு வருகிறேன். நானும் உங்கள் பக்கத்துக்காரிதான், அந்தச் சமாதானத்தை நிறையக் கேட்டிருக்கிறேன். பஞ்சுத் தூசி நெஞ்சைக் கெடுக்கும் என்பது உண்மை. மில் வேலைக்காரர்களுக்கு வரும் அந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். ஆரம்பத்தில் அடுத்தடுத்த நாட்களில் தணிந்தும் போகும். தூசியைவிட்டு வந்த பிறகு மாசியில் புதிதாக முளைத்து, மூன்று மாதத்தில் ஆளை இளைக்கவைக்கும் இருமலுக்குத் தூசிமேல் பழிபோட முடியாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலே சளியைச் சோதிக்க வேண்டும் என்பது நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் விதி. உங்கள் வீட்டில் பன்னிரண்டு வாரம் தாண்டிவிட்டது. கூடவே எடை இறக்கம். கூடவே சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இது காசநோய்தான் என்று நான் சொல்லவில்லை. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ஆளை இளைக்கவைக்கும், தைராய்டும் செய்யும், புற்றுநோயும் செய்யும். பிரஷருக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளால் வறட்டு இருமல் வரும், ஆனால் அதில் ஜாக்கெட் தொளதொளக்காது. எது என்று சொல்ல சளியும் எக்ஸ்ரேயும் ரத்தமும் வேண்டும். பத்திரிகையில் பதில் எழுதுகிறவளால் ஆகாது, மெடிக்கல் ஷாப் தம்பியாலும் ஆகாது.

அந்தத் தம்பியை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. "நாலு நாள் அடங்குகிறது, மறுபடி ஆரம்பிக்கிறது" என்கிறீர்கள். அவர் கொடுத்த அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்காக இருந்தால், அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் மிரட்டி உட்காரவைக்கும். நோய் போகாது, ஒளிந்துகொள்ளும். பரிசோதனையில் அகப்படாமல் நாளைத் தள்ளும். காலி அட்டையாக இருந்தாலும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

இனி அந்தத் தட்டு. முன்னெச்சரிக்கையாம்! தட்டைப் பிரித்து வைத்தபோதே உங்கள் மனசு அந்த நோயின் பெயரைச் சொல்லிவிட்டது, வாய்தான் சொல்லவில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காசநோய் தட்டில் ஒட்டாது, டம்ளரில் ஒட்டாது. இருமும்போது காற்றில் பரவும். ஜன்னல் சாத்திய அறையில் பக்கத்தில் படுத்திருப்பவர் அதை மூச்சோடு உள்ளே இழுப்பார். உங்கள் வீட்டில் பாட்டிக்குத் தட்டு தனி, பாய் மட்டும் பேரனோடு ஒன்று. அவமானப்படுத்த வேண்டிய அளவுக்கு அவமானப்படுத்திவிட்டு, காக்க வேண்டிய குழந்தையைக் காக்காமல் விட்டுவிட்டீர்கள். இன்று ராத்திரி முதல் பையன் வேறு அறையில் படுக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும். அத்தை இருமும்போது முந்தானையால் வாயை மூடிக்கொள்ளட்டும். தட்டை எடுத்துப் பழையபடி எல்லோருடைய தட்டோடும் அடுக்குங்கள். பரிசோதனையில் காசநோய் என்று வந்தால் பையனையும் உங்கள் இருவரையும் சோதிப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அது மிக முக்கியம்.

என் சின்ன வயதில் நம் பக்கத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டு "அவர் பெருந்துறைக்குப் போயிருக்கிறார்" என்பார்கள். சந்தைக்குப் போனதாகக் குழந்தைகள் நினைப்போம். காசநோய்க்காரர்களைத் தங்கவைத்துப் பார்க்கும் சானடோரியத்துக்குப் போயிருக்கிறார் என்று அர்த்தம். சென்னைக்காரர்களுக்குத் தாம்பரம், நமக்குப் பெருந்துறை. அந்தப் பயத்தை உடைத்ததும் இதே தமிழ்நாடுதான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான ஏழை வீடுகள், சுமாரான சாப்பாடு. அப்படியும் வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள்; கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959-ல் வந்த அந்த முடிவுக்குப் பிறகு உலகமே காசநோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்க்க ஆரம்பித்தது. இத்தனை வருடம் கழித்து நீங்கள் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கிறீர்கள்.

கல்யாணம் முடியட்டும் என்று அத்தை சொல்வதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் அம்மாக்கள் சாகக் கிடந்தாலும் "மகளை ஒரு இடத்தில் கொடுத்துவிட்டுப் பார்க்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வார்கள், நாம் கேட்கக் கூடாது. கணக்கும் அவர் பக்கம் இல்லை. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. மருந்துக்கு அடங்கும் கிருமியாக இருந்தால், ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். வைகாசியில் தொடங்கினால் ஆடியில் முதல் கட்டம் முடிந்துவிடும், ஆவணியில் அவர் மண்டபத்தில் நிமிர்ந்து உட்காரலாம். தள்ளிப்போட்டால் அதே மண்டபத்தில் இன்னும் மூன்று மாதம் இளைத்த உடம்போடு, அத்தனை பேர் நடுவில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சம்பந்தி வீட்டாருக்குப் பயப்படுகிறவர்களுக்கு எது லாபம்? அவர்களைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மாமியாருக்கு இருமல் என்பதற்காகச் சம்பந்தத்தை முறிக்கிறவர்கள், நாளைக்கு உங்கள் நாத்தனாருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தை மடித்து அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். தம்பி, அம்மா இருமுவதால் உங்களுக்குத் தூக்கம் போகிறது என்று பெண்டாட்டிமீது எரிந்து விழுகிறீர்கள். தூங்காமல் இருமுகிறவர் உங்களைப் பெற்றவர். மருமகள் கூப்பிட்டால் அவர் வரமாட்டார். வந்தால் மகளுடைய கல்யாணச் செலவில் கை வைப்பதாகிவிடுமோ என்று கூசுவார். நீங்கள் கூப்பிட்டால் வருவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் திங்கட்கிழமைக்கு லீவு சொல்லிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நீங்கள் நில்லுங்கள். அம்மா பெஞ்சில் உட்காரட்டும். என் கொள்கை பழசு என்பார்கள், இருக்கட்டும். பெற்றவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது மகனுடைய வேலை. அதை மருமகள் தலையில் கட்டிவிட்டு, அவள் சரியாகச் செய்யவில்லை என்று குறை சொல்வது நம் வீடுகளில் காலங்காலமாக நடக்கும் மோசடி.

போகும்போது நடைமுறைக்கு வேண்டியவை. இரண்டு முறை சளி கேட்பார்கள், ஒன்று காலையில் எழுந்ததும் எடுப்பது. எச்சில் உதவாது, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேண்டும். சிபிநாட், ட்ரூநாட் என்று இப்போது இருக்கும் பரிசோதனைகளில் கிருமி இருக்கிறதா என்பதோடு, முக்கியமான மருந்துக்கு அது அடங்குமா என்பதும் சில மணி நேரத்தில் தெரியும். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை நடக்கும்வரை சத்தான சாப்பாட்டுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 500 ஆக இருந்ததை 2024-ல் உயர்த்தினார்கள். தனியார் டாக்டரிடம் போனாலும் சரி, காசநோய் என்றால் அவர் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2012 முதல் உத்தரவு இருக்கிறது. அதற்குப் பயந்து ஓடாதீர்கள், மருந்து கிடைக்க அதுதான் வழி. மாத்திரை தொடங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பதற வேண்டாம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே திரும்பிப் போக வேண்டும்.

முதலில் எடைதான் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று எடையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்திலும், மிகவும் மெலிந்தவர்கள், மூச்சு வாங்குகிறவர்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாதவர்கள் யார் என்று முதல் நாளே பார்த்துப் பிரித்து, அவர்களை ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள். உயிரை எடுப்பதில் கண்டுகொள்ளாமல் விட்ட மெலிவுக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் "எவ்வளவு இளைத்திருக்கிறார்?" என்று கேட்டால் "கொஞ்சம்" என்று மழுப்பாதீர்கள். அங்குலக் கணக்கைச் சொல்லுங்கள்.

திங்கட்கிழமைவரை காத்திருக்கக் கூடாத சமயமும் உண்டு. ரத்தமாக இருமினால், ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், நெஞ்சு அழுத்தி வேர்த்துக் கொட்டினால், நேரம் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் மூச்சு முட்டலாகவும் அசதியாகவும்கூட வரும்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. உடம்பு தேறினால் அந்த ஜாக்கெட்டைப் பிரிக்க வேண்டியிருக்கும். உள்ளே பிடித்த துணியை வெட்டிவிடவில்லையே?